இரண்டு அந்தோனியோ

அத்தியாயம் 12

போன வாரம் பெர்னிஸ் மத்ரீலை இஸ்திரிப் பெட்டியும் கையுமாக விட்டுவிட்டு வந்தோம். ஆல்புகர்கி நகரத்து வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றிலிருந்து அவளுக்குக் கடிதம் வந்திருந்தது. இருநூறு, முந்நூறு வருடப் பழைய ஸ்பானியக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டுமாம். வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நேர்முகம்.

நாலு வருடமாக அமெரிக்கக் கண்டங்களின் வரலாறு படிக்கிற பெண்ணைத் தேடிக்கொண்டு வந்த முதல் வேலை அது. அவளும் நம்பாமல் அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தாள்.

இன்றைக்கு அந்த வியாழக்கிழமை.

காலையில் பல்கலைக்கழகத்தில் வேலைவாய்ப்புக் கண்காட்சி. இரண்டு மணி வரை அறையில் உட்கார்ந்திருந்தால் நகத்தைக் கடித்துத் தின்றுவிடுவோம் என்று பயந்துதான் பெர்னிஸ் அங்கே போனாள். அம்மாவின் கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தாள். அம்மா போய் ஒன்பது வருடமாகிறது. கோட்டின் தோள் இன்னும் அவளுக்குக் கொஞ்சம் பெரிதுதான்.

அறுபது மேஜைகள். சிப் தொழிற்சாலை, காவல்துறை, காப்பீட்டுக் கம்பெனி, மருத்துவமனை, ராணுவம். ஒவ்வொரு மேஜையிலும் பேனாவும் மிட்டாயும் இலவசம்.

காப்பீட்டு மேஜையில் ஒரு பெண் கேட்டாள்: "என்ன படிக்கறீங்க?"

"வரலாறு. அமெரிக்கக் கண்டங்களோட வரலாறு."

"ஓ." அந்தப் பெண் நிஜமாகவே இரக்கப்பட்டாள். "கம்ப்யூட்டர்ல வேகமா டைப் அடிப்பீங்களா?"

"அடிப்பேன்."

"அப்ப ஒண்ணும் கெட்டுப் போகல."

பெர்னிஸ் சிரித்துவிட்டு ஒரு பேனாவை எடுத்துக்கொண்டாள்.

அவளுடைய துறையிலிருந்து ஒரு ரோஸ் நிறத் தாளைக் கொடுத்திருந்தார்கள். 'வரலாறு படித்தவர்களுக்கு முப்பத்தொரு வேலைகள்.' ஆசிரியர், ஆவணக் காப்பாளர், அருங்காட்சியக வழிகாட்டி என்று மரியாதையாக ஆரம்பித்து, தூதர் என்று எகிறி, கடைசியில் நாட்டின் அதிபர் என்று முடிந்தது அந்தப் பட்டியல். அதிபர் வேலைக்கு இப்போதைக்கு ஆள் எடுக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் மாணவர்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து, கிடைத்த பேனாக்களைக் கணக்குப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய வகுப்பில் முதல் வருடம் பதினெட்டுப் பேர். இப்போது ஆறு பேர். மற்றவர்கள் ஒவ்வொருவராக வணிகவியலுக்கும் செவிலியர் படிப்புக்கும் மாறிப் போய்விட்டார்கள். பெர்னிஸ் ஒரு தூணோரமாக நின்றபடி முட்டையும் மிளகாயும் சுருட்டிய ரொட்டியைத் தின்றாள். கோட்டில் ஒரு சொட்டுக்கூடப் படாமல் தின்று முடித்ததைச் சொல்லிக்கொள்ளக்கூடப் பக்கத்தில் ஆள் இல்லை.

அதே நேரத்தில், வடக்கே நூற்றிருபது மைல் தள்ளி, லோஸ் அலீஸோஸ் என்ற மலைக் கிராமத்தில் அவளுடைய அப்பா தெல்ஃபினோ மத்ரீல் விறகுச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

அந்த ஊருக்கு ஒரு பொதுமலை உண்டு. ஸ்பெயின் ராஜா காலத்தில் இருபத்தேழு குடும்பங்களுக்குக் கொடுத்தது. அந்த இருபத்தேழின் ரத்தத்தில் வந்த வாரிசுகள் மட்டும் அதில் ஆடு மாடு மேய்க்கலாம், குளிருக்கு விறகு வெட்டலாம். பனி விழுவதற்கு முன்னால் வாரிசுகள் வரிசையில் வந்து சீட்டு வாங்கிப் போவார்கள். அதில் கையெழுத்துப் போடுகிறவர் வாரிசுச் சங்கத் தலைவர். பன்னிரண்டு வருடமாகத் தெல்ஃபினோதான் தலைவர். அதற்கு முன்னால் முப்பது வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினார்.

வரிசையின் கடைசியில் கிளியோஃபாஸ் நின்றான். தொப்பியைக் கையில் பிடித்திருந்தான்.

"என்ன கிளியோ?"

"எல்லாரும் வாங்கறதுதான். ரெண்டு லோடு."

தெல்ஃபினோ பேனாவைக் கீழே வைத்தார். "போன வருஷம் வரைக்கும் பிரிசில்லா பேர்ல வாங்கின. அவ வாரிசு. நீ மாப்பிள்ளை."

"முப்பத்தோரு வருஷமா இங்கதான இருக்கேன்."

"இருக்க. இல்லன்னு நான் சொல்லல."

"அவள இந்த மலை அடிவாரத்துலதான் மார்ச் மாசம் புதைச்சேன். நீயும் மண்ணு போட்ட."

"சட்டம் நான் எழுதினது இல்ல கிளியோ. ரத்தம்னு எழுதியிருக்கு."

கிளியோஃபாஸ் தொப்பியைத் தலையில் மாட்டினான். அவனுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். "உன் மக இன்னும் அந்தப் படிப்புதானா? செத்தவங்கள எண்ணிக்கிட்டு இருக்காளா?"

"இன்னிக்கு அவளுக்கு வக்கீல் ஆபீஸ்ல இன்டர்வியூ," என்றார் தெல்ஃபினோ, வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அடுப்பில் இரண்டு கட்டை போட்டார். நேற்றைய பீன்ஸைச் சட்டியோடு எடுத்து நின்றபடியே தின்றார். வானொலியில் செய்தி வாசிக்கிறவன் நாளைக்குப் பனி இல்லை என்றான். "உனக்கென்னடா தெரியும்?" என்று அவனிடம் கேட்டார். மகள் படிக்கப் போன நாலு வருடமாக அந்த வீட்டில் அவரோடு வாக்குவாதம் பண்ணுகிறவன் அவன் ஒருத்தன்தான்.

சமையலறைச் சுவரில் அவர் கையால் எழுதிய வம்ச வரிசை கண்ணாடிக்குள் தொங்கியது. பள்ளி விடுமுறைகளில் ஊர் ஊராகப் போய்த் தேவாலயப் பதிவேடுகளைத் தேடித் தேடி எழுதியது. எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில்: அந்தோனியோ ஹோசே மத்ரீல், இருபத்தேழில் ஒருவரான மிகேல் மத்ரீலின் மகன்.

இரண்டு மணிக்கு என்ன நடந்தது என்று சொல்லாமல் நான் விறகுக் கதை பேசுகிறேன் என்று நீங்கள் முறைப்பது தெரிகிறது. வருகிறேன்.

வழக்கறிஞரம்மாவின் பெயர் ஹால்வர்சன். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். பக்கத்தில் இரண்டு இளைஞர்கள் எழுதுவதற்குத் தயாராக இருந்தார்கள். மேஜையில் மூன்று நகல் தாள்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

"ரொம்ப எளிதான சோதனைதான் மிஸ் மத்ரீல். படிச்சுக் காட்டுங்க. எங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

முதல் தாள் நில எல்லை. ஓடை வரை, செம்பாறை வரை, அங்கிருந்து சூரியன் மறையும் பக்கமாக. அந்தக் காலத்துக் கையெழுத்தில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் இருக்காது. பாதிச் சொற்களை எழுதியவரே சுருக்கிவிடுவார். பெர்னிஸ் ஒரு இடத்திலும் நிற்காமல் படித்தாள். இளைஞர்கள் இரண்டு பேரும் குனிந்து எழுதினார்கள்.

நாலு வருடத்தில் அவள் படிப்பதை யாரும் எழுதிக்கொண்டதில்லை. அவளுக்குக் கன்னம் சூடாயிற்று. சந்தோஷம்தான்.

இரண்டாவது தாள் அடக்கப் பதிவு.

"ஆயிரத்து எழுநூற்று எண்பத்தொண்ணு, மே மாசம் ஒன்பதாம் தேதி," என்று அவள் படித்தாள். "இந்தத் தேவாலயத்துல நான் அடக்கம் செஞ்சது, மூணு வயசுக் குழந்தை, அம்மையில இறந்தது. பெயர் அந்தோனியோ ஹோசே. முறையா கல்யாணம் செஞ்ச மிகேல் மத்ரீலுக்கும்..."

அங்கேதான் அவளுக்குப் புரிந்தது. ஆனால் வாய் நிற்கவில்லை. நன்றாகப் படிக்கிற வாய்க்கு நடுவில் நிற்கத் தெரியாது. "...அவர் மனைவிக்கும் பிறந்த ஒரே மகன்," என்று முடித்தாள்.

சமையலறைச் சுவரில் இருக்கும் அந்தோனியோ ஹோசே கல்யாணம் செய்து ஏழு பிள்ளைகள் பெற்றவர். மூன்று வயதில் செத்தவர் அல்ல.

"மூணாவது?" என்றாள் ஹால்வர்சன்.

பெர்னிஸ் மூன்றாவதைத் திருப்பினாள். ஞானஸ்நானப் பதிவு. மூன்று வருடம் பிந்தியது. இந்த முறை மெதுவாகப் படித்தாள். "சுமார் ஆறு வயசு அப்பாச்சிப் பையன். கொமாஞ்சிகள்கிட்ட மிகேல் மத்ரீல் ரெண்டு குதிரை குடுத்து வாங்கினது. வாங்கினவரே ஞானத்தந்தை. தன் குடும்பப் பேரையும், பையனுக்கு... அந்தோனியோ ஹோசேங்கற பேரையும் குடுத்தார்."

அப்பாச்சி, கொமாஞ்சி இரண்டும் அந்த நாட்டுப் பழங்குடிகள்; அந்தப் பகுதியில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. பிடித்து வந்த பிள்ளையை வாங்கி, ஞானஸ்நானம் செய்து, வேலைக்கு வைத்துக்கொள்வார்கள். பெயரும் கொடுப்பார்கள். செத்த மகனின் பெயரைக்கூடக் கொடுப்பார்கள். பதிவேடு தேடுகிற ஆர்வக்காரர்கள் அடிக்கடி சறுக்குகிற இடமும் இதுதான். ஒரே வீட்டில், ஒரே பெயரில் இரண்டு பேர். முதல் ஆளின் பிறப்பையும் இரண்டாவது ஆளின் கல்யாணத்தையும் கோடு போட்டு இணைத்துவிடுவார்கள். பெர்னிஸ் போன பருவத்தில்தான் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிப் பாராட்டு வாங்கியிருந்தாள். சொந்தச் சுவரைத் திரும்பிப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

"பிரமாதம்," என்றாள் ஹால்வர்சன். "வேலை உங்களுக்குத்தான்."

நிரந்தர வேலை. மருத்துவக் காப்பீடு. டென்வரில் ஏசி மாட்டுகிற அவள் அண்ணன் வாங்குவதைவிட அதிகச் சம்பளம்.

"முதல் வேலை என்ன?" என்று பெர்னிஸ் கேட்டாள். தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

ஹால்வர்சன் சுற்றி வளைக்கவில்லை. லோஸ் அலீஸோஸ் மலைக்கு அந்தப் பக்கம் பனிச்சறுக்கு விடுதி கட்டுகிறவர்கள் அவளுடைய கட்சிக்காரர்கள். அவர்களுக்குப் பொதுமலை வழியாகச் சாலை வேண்டும். வாரிசுச் சங்கம் மறுத்துவிட்டது. மூன்றுக்கு மூன்று ஓட்டு; தலைவர் தன் ஓட்டைப் போட்டுத் தீர்த்து வைத்தார். தலைவரே வாரிசு இல்லை என்றால் அந்த ஓட்டு செல்லாது. மறுப்பு விழுந்துவிட்டால் கோர்ட்டில் சாலைக்கு அனுமதி வாங்கிவிடலாம்.

"அந்தத் தலைவர் எங்கப்பா."

"தெரியும் மிஸ் மத்ரீல்."

"இதப் படிக்கத் தெரிஞ்சவங்க வேற ஆளே இல்லையா?"

"நல்லா படிக்கறவங்க நாலு பேர் இருக்காங்க. மத்ரீல்ங்கற பேர்ல நீங்க ஒருத்தர்தான். நீங்க கையெழுத்துப் போட்டா கோர்ட்டுல யாரும் மறுபேச்சுப் பேச மாட்டாங்க. நீங்க போடலன்னா வேற ஒருத்தர் போடுவார், கொஞ்சம் நாளாகும். அவ்ளோதான் வித்தியாசம்."

நாலு வருடம் கண் வலிக்க வலிக்கப் பழகிய கலை. அவர்களுக்கு வேண்டியிருந்தது அப்பன் கொடுத்த பெயர்.

அந்த நகல்களும் கையெழுத்துப் போட வேண்டிய சாட்சிப் பத்திரமும் வைத்த உறையை ஹால்வர்சன் நீட்டினாள். "திங்கட்கிழமைக்குள்ள அனுப்புங்க. வழக்கு பதிவாகற வரைக்கும் இந்த ரெண்டு பக்கத்தப் பத்தி வெளியே ஒரு வார்த்தை போகக் கூடாது. போனா இந்த வேலை இல்ல."

பெர்னிஸ் நன்றி சொன்னாள். அதை நினைத்துப் பேருந்து நிறுத்தம் வரை தன்னையே திட்டிக்கொண்டு நடந்தாள்.

நிறுத்தத்தில் நின்று அண்ணன் லீராயைக் கூப்பிட்டாள். பின்னால் துளை போடுகிற மெஷின் சத்தம்.

"என்னடி புரொபசர், கிடைச்சுதா?"

"கிடைச்சுதுண்ணா."

"அடிப்பாவி. செத்தவன் எழுதினதப் படிக்கச் சம்பளமா? உயிரோட இருக்கற எனக்கு ஒருத்தனும் ஒழுங்கா செக்கே எழுத மாட்டேங்கறான்."

"அண்ணா, ஒரு விஷயம் கேக்கணும். நம்ம குடும்பத்துல..."

"இரு இரு, மேல ஏணில ஆள் நிக்கறான். ராத்திரி பேசறேன். இல்ல, ஞாயித்துக்கிழம. சந்தோஷமா இரு, என்ன?"

சந்தோஷமாக இருக்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அவன்மேல் தப்பில்லை. எதிர்ச்சாரியில் பேனாவும் மிட்டாயுமாக மாணவர்கள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இந்த ஊரில் ஐந்து லட்சம் பேர் இருக்கிறார்கள், இதைச் சொல்ல ஒருத்தரும் இல்லையே என்று பெர்னிஸுக்கு அழுகை வந்தது. கொஞ்சம் அழவும் செய்தாள்.

அறைக்கு வந்து, வெளிச்சம் இருக்கும்போதே அப்பாவைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"கண்ணு?"

"கிடைச்சுதுப்பா."

அந்தப் பக்கம் வானொலி நின்றது. "நெசமாவா?"

"நெசமா."

"கிளியோகிட்ட அப்பவே சொன்னேன். போஸ்ட் ஆபீஸ்லயும் நாளைக்குச் சொல்லணும்." மூச்சு வாங்கியது அவருக்கு. "என்ன படிக்கச் சொன்னாங்க?"

உறை மடியில் இருந்தது. இப்படியே போனை வைத்துவிட்டால் வேலை தப்பிக்கும். பெர்னிஸுக்கு அது நன்றாகத் தெரியும்.

"அப்பா, சுவத்துல இருக்காரே அந்தோனியோ. அவர எந்தப் பதிவேட்டுல பாத்தீங்க?"

அடுப்பில் கட்டை சரிகிற சத்தம் கேட்டது.

"ரெண்டு பக்கத்தயும் காட்டினாங்களா?" என்றார் தெல்ஃபினோ.

பெர்னிஸ் கட்டிலில் உட்கார்ந்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"நீ பத்து வயசா இருந்தப்ப பாத்தேன். கோடு போட்டு, கண்ணாடி மாட்டி, ஊரே வந்து பாத்துட்டுப் போன பின்னாடி. உங்கம்மாகிட்டகூடச் சொல்லல."

"ஏன்பா?"

"மறு வருஷம் தலைவர் ஆக்கினாங்க. அப்புறம் எப்படிச் சொல்ல?"

"நான் வரலாறு படிக்கறேன்னப்ப ரெண்டு மாசம் பேசாம இருந்தீங்க. வக்கீலுக்குப் படி, நர்ஸுக்குப் படி, அதுல வேல கிடைக்காதுன்னு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும்..."

"வேல கிடைக்காமப் போயிடுமோன்னு நான் ஒருநாளும் பயந்ததில்ல கண்ணு. நீ கெட்டிக்காரி. கிடைச்சிடுமேன்னுதான் பயந்தேன்."

பெர்னிஸ் எல்லாவற்றையும் சொன்னாள். சாலை, ஓட்டு, கையெழுத்து, திங்கட்கிழமை, வெளியே சொன்னால் வேலை இல்லை என்பது. சொல்லச் சொல்ல அவர் ம், ம் என்றார், பேருந்து ஓட்டும்போது பின்னால் இருந்து பிள்ளைகள் பேசுவதற்குச் சொல்வாரே, அந்த மாதிரி.

"வழக்கு இன்னும் போடல இல்ல?"

"இல்லப்பா."

"சனிக்கிழம வாரிசுக் கூட்டம். நாங்களே முந்திக்கிட்டு வேற தலைவர உக்கார வெச்சு மறுபடி ஓட்டு எடுத்துட்டா, அவங்க வழக்கு நிக்காது. மலை தப்பிக்கும். நான் சொன்னா நம்ப மாட்டாங்க. கிழவனுக்குப் பித்தம்பாங்க. நீ வந்து படி. வக்கீல் முன்னாடி எப்படிப் படிச்சியோ அப்படியே. நான் வாரிசு வரிசையில உக்கார மாட்டேன். பின்னாடி நின்னு கேக்கறேன்."

"சனிக்கிழம நான் அங்க படிச்சா திங்கக்கிழம வேல இல்லப்பா."

"தெரியும்."

ஞாயிறு தவறாமல் வேலை, வேலை என்று நச்சரித்த மனுஷர் அதைச் சொன்னார்.

"பதிமூணு வருஷமா இதோட ஒத்தையில இருக்கேன்," என்றார். "முடியல." அவர் அழுகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் அழுது அவள் கேட்டதில்லை. "வரேன்னு இப்பச் சொல்ல வேணாம். வரலன்னும் சொல்ல வேணாம். பஸ் அங்க ஏழு மணிக்குக் கிளம்பும். நான் மெயின் ரோட்டுல நிப்பேன்."

பெர்னிஸ் உறையைப் பார்த்தாள். அதன்மேல் அவள் பெயர் அழகாக அச்சாகியிருந்தது. மத்ரீல் என்று முடிந்தது.

"சாப்டியா?" என்று கேட்டார் அப்பா.

"இல்ல. நீங்க?"

"ஆச்சு."

வைக்க இரண்டு பேருக்கும் மனசில்லை. நூற்றிருபது மைல் இடைவெளியில் போனைக் காதில் பிடித்துக்கொண்டு, ஒருவர் மூச்சு விடுவதை ஒருவர் கேட்டபடி உட்கார்ந்திருந்தார்கள்.